வளைந்த மரத்தைப் பிடிக்கும் வைஸ்
துப்பாக்கிக் கட்டை செதுக்குவோர் முறையும் கிராமத் தச்சுப் பட்டறையும்

கிராமத் தச்சரின் பையைத் திறந்து பார்த்தால் உளிகள் நாலைந்து, வாய்ச்சி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி, மூலைமட்டம், துரப்பணம் ஆகியவை இருக்கும். மரத்தை வெட்டவும் சீவவும் துளைக்கவும் வேண்டிய கருவிகள் யாவும் உண்டு. மரத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவி மட்டும் பெரும்பாலும் இராது. அந்த வேலையை அவருடைய கால்களே செய்து வருகின்றன. தரையில் உட்கார்ந்து, ஒரு பாதத்தால் கட்டையை அழுத்தி, மற்றப் பாதத்தால் அணைத்துக்கொண்டு அவர் வேலை செய்கிறார். கதவுச் சட்டம், ஜன்னல் கால் முதலிய நேரான மரங்களுக்கு இம்முறை தலைமுறை தலைமுறையாகப் போதுமானதாக இருந்திருக்கிறது. அதனைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் ஒருபுறம் பருத்தும் ஒருபுறம் சிறுத்தும் நடுவில் வளைந்தும் உள்ள மரத்தைப் பாதம் பிடிக்காது. அது உருளும்; நழுவும். வாய்ச்சியோ கால் விரல்களுக்கு நாலு விரற்கடை தூரத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. கிராமங்களில் வயதான தச்சர்களின் பாதங்களைக் கவனித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சார்ந்தோர் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. ரமண மகரிஷி முள் நிறைந்த கிளையொன்றை எடுத்து, முட்களை நீக்கி, கணுக்களைச் சீவி, சொரசொரப்பான இலையால் தேய்த்து வழவழப்பாக்கி, பல மணி நேரம் பாடுபட்டு ஒரு கைத்தடி செய்தாராம். பின்பு கோலைத் தொலைத்துவிட்டு நின்ற ஆட்டிடையச் சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டாராம். கையொன்றே பிடிகருவியாக இருந்த வேலை அது. அவ்வளவு பொறுமை கொண்டாடத்தக்கதே. எனினும் நாட்கூலிக்கு வேலை செய்யும் தச்சருக்கு ஒரு கோலுக்கு அத்தனை மணி நேரம் கிடைப்பதில்லை. மரம் அசையாமல் நின்றால் இரண்டு கைகளும் ஆயுதத்திற்கு உதவும். வேலை பாதி நேரத்தில் முடிவதோடு, உளி வழுக்கி மரம் பாழாவதும் குறையும்.

வளைந்த மரத்தைப் பிடிக்கும் வித்தையைப் பூரணமாக ஆராய்ந்தவர்கள் துப்பாக்கியின் மரக்கட்டை செதுக்குவோர் ஆவர். இக்கட்டையைப் போல் பிடிக்கக் கடினமான மரவேலை வேறொன்று இருப்பது அரிது. தோளில் பதியும் அடிப்பாகம் ஏறத்தாழ ஐந்து அங்குல உயரம் இருக்கும். கை பற்றும் கழுத்துப் பாகம் ஒன்றரை அங்குலக் கனத்திற்குச் சிறுத்துப்போகும். அதற்கப்பால் இரும்புக் குழல் பதிவதற்காக நீளப் பள்ளம் குடையவேண்டும். எதிரெதிரான இரண்டு பக்கங்கள் எங்கும் இணையாக இரா. இரும்பு வைஸின் தட்டையான தாடைகளுக்குள் இதைக் கொடுத்து முறுக்கினால் இரண்டு இடங்களில் மட்டும் பிடித்து, அந்த இரண்டு இடங்களிலும் மரத்தை நசுக்கிவிடும். ஆகையால் அத்தொழிலாளர் வேலைக்கேற்ற வைஸை யோசித்துச் செய்துகொண்டனர். பிற தொழிலாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டனர். அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த வேன்ஸ்பரோ என்னும் ஊரில் எம்மர்ட் என்பவர் 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வைஸ் இவற்றுள் பிரசித்தமானது. வார்ப்பு வேலைக்கு மாதிரிக் கட்டை செய்வோருக்காக ஏற்பட்ட அது, எப்பக்கமும் சாயும், சுழலும், ஒரு தாடை மற்றொன்றுக்கு இணையாக இல்லாமல் கோணலாகவும் நிற்கும். துப்பாக்கிக் கட்டை செய்வோரும் இசைக்கருவி செய்வோரும் அதை உடனே சுவீகரித்துக்கொண்டனர். அதன் விலை நமக்கு எட்டாது. அதிலுள்ள யுக்தி எட்டும்.

மேலே போகுமுன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வைஸ் செய்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. துப்பாக்கிக் கட்டை செய்வது அப்படிப்பட்டதன்று. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திற்குப் பதிலாக 1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நடைமுறையிலிருக்கும் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் பெறாமல் துப்பாக்கியைச் செய்வதையும் விற்பதையும் மட்டுமன்றிப் பழுதுபார்ப்பதையும் தடுக்கிறது. துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கி என்றே அச்சட்டத்தில் கொள்ளப்படுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இக்குற்றத்திற்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. நமது ஜில்லாவில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஜவ்வாது மலைப் பக்கத்தில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடுவதும் வழக்காவதும் இன்றும் கேள்விப்படுகிற சங்கதிகள். காட்டுப்பன்றி மல்லாட்டைக் கொல்லையைக் கிளறிவிடுகிறது என்பதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர் கட்டை விரிசல் கண்டதென்று ஊர்த் தச்சரிடம் கொண்டுவந்தால், அண்டை வீட்டுக்காரராயினும் உறவினராயினும், தச்சர் அதைத் தொடலாகாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்போரிடம் அனுப்பிவிடுவதே முறை. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு உள்ள உரிமம் தச்சரைக் காப்பாற்றாது.

ஆகவே நாம் எடுத்துக்கொள்வது அவர்களுடைய பிடிகருவியை மட்டுமே. அதை உபயோகிக்க வேலைகளுக்குக் குறைவில்லை. டிராக்டர் வந்தபின் மரக்கலப்பை அருகிவிட்டதாயினும் மேழியும் நுகத்தடியும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கோடாலிக் காம்பு, மண்வெட்டிக் காம்பு, கட்டில் கால், நாற்காலியின் கை, கோயில் வாகனங்களின் உறுப்புகள், வீணைத் தண்டு ஆகிய யாவும் வளைவும் சரிவும் உள்ள மரங்களே. ரமணாசிரமம் உள்ள செங்கம் ரோட்டிலும் கிரிவலப் பாதையை ஒட்டியும் வீடுகளும் விடுதிகளும் பெருகிவிட்டபடியால் வளைந்த கைப்பிடி, சாய்வு நாற்காலி முதலியவற்றிற்கும் அங்கே கேள்வியுண்டு. அவ்வேலையைச் சுற்றுக் கிராமத்துத் தச்சர்களும் ஏற்றுச் செய்யலாம்.

இனி, கருவியின் அமைப்பு. மேஜை வேண்டாம். மேல்நாட்டுப் பட்டறையில் வைஸ் கனத்த மேஜையில் பொருத்தப்படும். அம்மேஜைக்குச் செலவாகும் மரமே பெரிது. நமக்கு மண்ணில் நட்ட தூண் ஒன்று போதும். ஆறங்குலச் சதுரமும் ஆறடி நீளமும் உள்ள வேம்பு அல்லது கருவேல மரத் தூண் எடுத்து, இரண்டரை அடி பூமிக்குள்ளும் மூன்றரை அடி மேலேயும் இருக்கும்படி நடவேண்டும். புதையும் பாகத்தை நெருப்பில் வாட்டி மேற்புறம் கரியாகும்படி செய்து, அதன்மேல் தார் பூசவேண்டும். இல்லாவிடில் கரையான் இரண்டு மழைக்காலத்திற்குள் தன் வேலையை முடித்துவிடும். குழியில் தூணைச் சுற்றிக் கருங்கல் சல்லியும் மண்ணும் மாறி மாறிப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்துக. வேலிக்கு நடும் கருங்கல் கால் இப்பகுதியில் எளிதாகக் கிடைப்பதால் அதையே தூணாகக் கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கல்லில் பெரிய துளை போடும் கூலியும், போடும்போது கல் பிளந்துபோகும் அபாயமும் உண்டு. மரமே நலம்.

தூணுக்கு எதிரே நிற்பது அசைகால். இது நாற்பது அங்குல நீளமும் இரண்டரை அங்குலக் கனமும் உள்ள கருவேலப் பலகை. மேலே ஆறங்குல அகலமும் கீழே வரவர மூன்றரை அங்குல அகலமுமாகச் சிறுக்கவேண்டும். தூணின் உச்சியும் அசைகாலின் உச்சியும் ஒரே மட்டத்தில் நிற்க, அசைகாலின் அடி தரையிலிருந்து இரண்டங்குலம் உயர்ந்திருக்கும். உச்சியிலிருந்து பத்தங்குலம் கீழே திருகு செல்லும் துளை. அடியிலிருந்து நாலங்குலத்தில் ஒரு சதுரத் துளையிட்டு, ஓரங்குலக் கனமும் இரண்டங்குல அகலமும் பதினாறங்குல நீளமும் உள்ள சட்டத்தைக் கழுந்துபோல் செருகி அசையாமல் ஆணி தைக்கவேண்டும். இச்சட்டம் தூணில் அதே மட்டத்தில் வெட்டிய துளை வழியாகத் தாராளமாகப் போய்வரவேண்டும். சட்டத்தில் ஓரங்குலத்திற்கு ஒன்றாகத் துளைகளிட்டு, அரையங்குல இரும்பு முளை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்க. இதைத் துளைச்சட்டம் என்போம்.

துளைச்சட்டத்தின் பயன் உடனே விளங்காது. அது இல்லாத வைஸில் ஒரு தடவை வேலை செய்தால் விளங்கிவிடும். திருகை முறுக்கும்போது அசைகாலின் மேற்புறம் மரத்தில் தட்டி நின்றுவிடும். கீழ்ப்புறமோ தூணை நோக்கி உள்ளே போய்விடும். அப்போது தாடையின் கீழ்விளிம்பு மட்டும் மரத்தைக் கடித்து, மேலே வாய் பிளந்து நிற்கும். துளைச்சட்டத்தில், தூணின் முன்புறத்தை ஒட்டிய துளையில் முளையைச் செருகிவிட்டால் அடிப்பாகம் உள்ளே போகாது. பிடிக்கும் மரத்தின் கனத்தைவிடக் கால் அங்குலம் அதிகமாகக் கீழே இடைவெளி விடுவது நல்லது. தாடை மேல்விளிம்பில் முதலில் பற்றி, முறுக்க முறுக்க முழுதும் படியும்.

திருகுதான் விலைக்கு வாங்கவேண்டிய ஒரே சாமான். கட்டடச் சென்டரிங் வேலையில் முட்டுக் கொடுக்கும் திருகு ஜாக்கியை யாவரும் அறிவர். கட்டட வேலை மிகுந்த எவ்வூரிலும் பழைய இரும்புக் கடையில் அடித்தட்டு வளைந்ததென்று கழித்துப்போட்ட ஜாக்கிகளைத் தேடிப் பார்க்கலாம். ஒன்றரை அடி முதல் இரண்டடி நீளமுள்ளதாய், மரை சிதையாததாய், அதற்குரிய நட்டுடன் சேர்த்து வாங்கவேண்டும். நட்டைக் கையால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டிப் பாராமல் பணம் கொடுக்கலாகாது. வெல்டிங் பட்டறையில் கொடுத்து, நட்டைக் கால் அங்குல இரும்புத் தகட்டில் பற்றவைத்து, அத்தகட்டைத் தூணின் பின்புறத்தில் நாலு போல்ட்டுகளால் பிணைத்துவிடுக. ஆணி அடித்துவிட்டால் போதாதா எனில், போதாது. திருகு முழு பலத்தோடும் நட்டின்மேல் மோதும் இடம் அது. திருகின் தலைப்பில் குறுக்கே ஒரு குழாய்த் துண்டைப் பற்றவைத்து அதற்குள் ஓரடி நீளக் கம்பியை நுழைத்தால் கைப்பிடி ஆயிற்று. திருகின் தலைக்கும் அசைகாலுக்கும் நடுவில் இரண்டு வாஷர்களும் கிரீஸும் அவசியம். அசைகால் சாய்ந்து நிற்கக்கூடியதாகையால் அதிலுள்ள துளையை வட்டமாக விடாமல் மேலுங்கீழுமாகச் சற்று நீட்டவேண்டும்.

திருகைத் தளர்த்தினால் அசைகால் தானாகத் திறவாது. இரும்பு வைஸ்களில் இதற்கென ஒரு வளையம் உண்டு. நாம் மூங்கில் பட்டையொன்றை வில்லாக வளைத்துத் தூணுக்கும் அசைகாலுக்கும் நடுவில், திருகுக்குக் கீழே, செருகிவிட்டால் அது தள்ளிக்கொண்டேயிருக்கும். மூங்கில் தளர்ந்தால் வேறொன்று வெட்டிக்கொள்ளலாம்.

இதன் பலம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது வீணாகாது. கைப்பிடியை நடுவிலிருந்து ஆறங்குலத்தில் பற்றிச் சுற்றினால் ஒரு சுற்றுக்குக் கை ஏறக்குறைய முப்பத்தேழரை அங்குலம் செல்கிறது. திருகோ ஒரு மரை, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு அங்குலம் மட்டும் நகர்கிறது. ஆகவே பத்துக் கிலோ பலத்துடன் சுற்றினால் உராய்வே இல்லையெனில் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட பலம் கிடைக்கவேண்டும். உராய்வு அதில் ஐந்தில் நான்கு பங்கைத் தின்றுவிடும் என்று தாராளமாகத் தள்ளினாலும் இருநூறு கிலோவுக்குமேல் மிஞ்சும். துளைச்சட்டம் தராசின் முள்ளைப்போல் நிற்க, அதிலிருந்து திருகு இருபத்தாறு அங்குல உயரத்திலும் தாடை முப்பத்தாறு அங்குல உயரத்திலும் இருப்பதால், தாடைக்கு வருவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. ஆகமொத்தம் நூற்றைம்பது கிலோ எடை ஒரு சிறு மரத்துண்டின்மேல் உட்கார்ந்ததற்குச் சமம். எந்தக் காலாலும் இவ்வளவு பிடிக்க முடியாது. அதே சமயத்தில், மெல்லிய கழுத்துள்ள மரத்தை இப்பலம் நசுக்கியும் விடும். இங்கேதான் துப்பாக்கிக் கட்டை செய்வோரின் யுக்திகள் நமக்கு வேண்டியிருக்கின்றன.

முதலாவது, சுழலும் தாடை. ஆறங்குல உயரமும் மூன்றங்குல விட்டமும் உள்ள உருளைக் கட்டையொன்றைக் கடைந்து, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை எடுத்துக்கொள்க. அசைகாலின் உட்புறத்தில் அந்த வளைவு அமரும்படி ஆழமில்லாத பள்ளம் செதுக்கி, வளைந்த பக்கத்தை அப்பள்ளத்திலும் தட்டைப் பக்கத்தை வேலை மரத்தை நோக்கியும் வைக்கவேண்டும். கீழே விழாமலிருக்க உச்சியில் தோல்வாரால் தொங்கவிடலாம். ஒருபுறம் சிறுத்த மரத்தைக் கொடுத்து முறுக்கினால் இக்கட்டை தானே திரும்பி அச்சரிவுக்கேற்ப நின்றுவிடும். எம்மர்ட் வைஸின் கோணல் தாடை செய்யும் வேலையில் பெரும்பகுதியை இந்த அரையுருளை செய்துவிடுகிறது. வைஸ் முழுவதையும் செய்ய நேரமில்லாதவர், ஏற்கெனவே இரும்பு வைஸ் வைத்திருந்தால், இதை மட்டும் செய்து அதற்குள் வைத்து உபயோகிக்கலாம்; பள்ளத்தை வேறொரு பலகையில் வெட்டிக்கொண்டால் போதும்.

இரண்டாவது, மெத்தை. இரண்டு தாடைகளிலும் கனத்த எருமைத் தோலை வச்சிரப் பசையால் ஒட்டவேண்டும். சாக்குத்துணி உதவாது, அதில் மணலும் இரும்புத்தூளும் ஏறி மரத்தில் தடம் பதிக்கும். இதே காரணத்தால் கொல்லுப்பட்டறை வேலைக்கு இந்த வைஸைக் கடன் கொடுக்கலாகாது. அரம் போட்ட இரும்பின் துகள் ஒரு முறை தோலில் புகுந்தால் அத்தோலை உரித்தெறிவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது யுக்திக்குக் கருவியே வேண்டியதில்லை. மரத்தை அறுக்கும்போது ஒரு முனையில் நாலங்குலம் மிகுதியாக, சதுரமாகவே விட்டுவிடுவது அது. வைஸில் அந்தச் சதுர முனையைக் கொடுத்துப் பிடித்து, மற்ற பாகம் முழுவதையும் வெளியே நீட்டிச் செதுக்கி, மர அரத்தால் ராவி, இழைத்து முடித்தபின் கடைசியாக அம்முனையை அறுத்து எறிந்துவிடலாம். மரம் வீணாகிறதே என்பார்கள். நாலங்குலம் மிச்சம் பிடிக்கப் போய்ச் செதுக்கி முடித்த மேழியின் நடுவில் தாடைத்தடம் விழுந்தால் போவது முழு மரம்.

பிடிப்பைப் பற்றி இவ்வளவு சொல்லும்போது, பிடிக்கப்படும் மரத்தின் இழையோட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. துப்பாக்கிக் கட்டைக்கு மேல்நாட்டிலும் காஷ்மீரத்திலும் அக்ரூட் மரத்தைச் சிறப்பாகக் கொண்டது அது உறுதியாயும் உளிக்கு இணக்கமாயும் இருப்பதால். ஆனால் எவ்வளவு உயர்ந்த அக்ரூட்டாயினும் கழுத்துப் பாகத்தில் இழை குறுக்கே ஓடினால் வெடியின் உதைப்பில் அங்கேதான் ஒடியும். மேழிக்கும் கோடாலிக் காம்புக்கும் அதே விதி. நேரான பலகையை வளைவாக அறுத்தால் வளைவில் இழை அறுந்துபோகிறது. இயற்கையாகவே வளைந்த கருவேலக் கிளையைத் தேர்ந்தெடுத்தால் இழை வளைவோடு கூடவே போகும். நம் முன்னோர் கலப்பைக்கு மரம் தேடியபோது கொல்லையெல்லாம் சுற்றிக் கிளைகளை அண்ணாந்து பார்த்தது இதற்காகவே. அவ்விதக் கிளைகளைத் தரையில் வைத்துக் காலால் பிடிப்பது கஷ்டமாகையால்தான் பின்னாளில் பலகையிலிருந்து அறுக்கும் சோம்பல் வழக்கம் பரவியது என்று எண்ண இடமுண்டு.

உயரத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. மேலே சொன்ன மூன்றரை அடி, நின்றுகொண்டு உளியாலும் அரத்தாலும் செதுக்குவதற்கு ஏற்றது. உட்கார்ந்து வேலை செய்து பழகியவர்களை நிற்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. அவர்களுக்குத் தூணை இரண்டடி மட்டும் மேலே விட்டு, அசைகாலையும் அதற்கேற்பக் குறைத்து, திருகை உச்சியிலிருந்து ஆறங்குலத்தில் வைத்துக்கொடுக்கலாம். நெம்புகோல் குறுகுவதால் பலம் சற்றுக் குறையும், கெடுதியில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் நிற்கும் வைஸையே விரும்பக்கூடும்.

செலவையும் இடத்தையும் பொறுத்தவரை, தனித்தனியாக ஒவ்வொருவரும் செய்துகொள்வதைவிடச் சங்கத்தின் பெயரில் ஒன்று செய்து வைப்பது உசிதம். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சென்னை ராஜதானியில் திரூரில் ஐக்கிய நாணயச் சங்கம் தொடங்கிய காலத்தில் கடன் கொடுப்பதே சங்கத்தின் வேலையாக இருந்தது. இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் உழவு இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறார்கள். டிராக்டர் வைக்க இடமுள்ள சங்கத்தில் ஒரு தூண் நட இடமிராமற் போகாது. கொட்டகையின் நிழலில், வடக்கு வெளிச்சம் விழும் பக்கத்தில், தூணைச் சுற்றி நாற்புறமும் ஐந்தடி காலியாக விட்டு நடவேண்டும். நீண்ட மரத்தைத் திருப்ப அவ்வளவு இடம் வேண்டியிருக்கும். யார் எந்த நாளில் உபயோகிப்பது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தால் தகராறுக்கு இடமில்லை.

பராமரிப்பு சொற்பமே. திருகின் மரையில் மரத்தூள் அடைவதால் மாதம் ஒரு முறை பழைய பிரஷ்ஷால் துடைத்துப் புதிய கிரீஸ் இடவேண்டும். துளைச்சட்டத்தின் துளைகள் முட்டைவடிவமாகத் தேய்ந்துவிட்டால் சட்டத்தை மட்டும் மாற்றுக. தோல் ஓரங்களில் உரியத் தொடங்கினால் உடனே ஒட்டவேண்டும். மடிந்த தோலோடு முறுக்கினால் மரத்தில் மடிப்பின் தடம் விழும். வேலை முடிந்து போகும்போது திருகை முறுக்கியபடி விடாமல் இரண்டு சுற்றுத் தளர்த்தி விடவேண்டும். மழைக்காலத்தில் தூண் ஈரம் குடித்துச் சற்றே ஊதும். அப்போது துளைச்சட்டம் இறுகினால் கொட்டாப்புளியால் அடித்து உடைக்காமல், சட்டத்தின் பக்கங்களை ஒரு சீவல் இழைத்து, மெழுகு தேய்த்துச் செருகுக.